அவள் புரோகிராமுக்கு நான் போட்ட ஓகே

எனக்குப் பொறாமை கிடையாது என்று நாற்பது வயதுவரை சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். பக்கத்து வீட்டில் கார் வாங்கினால் எனக்கு ஒன்றும் ஆகாது. நாத்தனார் வைரத்தோடு போட்டுக்கொண்டு வந்து நின்றாலும் "நல்லாருக்குதுங்க" என்று மனசாரச் சொல்வேன். கடைசியில் என் வயிறு எரிந்தது எதற்குத் தெரியுமா? ஒரு கம்ப்யூட்டரில் என்னென்ன நெட்வொர்க் முகவரி இருக்கிறது என்று பட்டியல் எடுத்துக் காட்டுகிற புரோகிராமுக்கு. வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

சிங்காநல்லூரில், நூல் மில்களுக்குப் புரோகிராம் எழுதிக் கொடுக்கிற சின்னக் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறேன். மில்லில் எந்த மெஷின் ஓடுகிறது, எது நின்றுவிட்டது, எவ்வளவு நூல் வந்தது என்பதையெல்லாம் எங்கள் புரோகிராம் காட்டும். மெஷின்களோடு கேபிளில் இணைத்த ஒரு கம்ப்யூட்டரில் அது ஓடும். அந்தக் கம்ப்யூட்டரின் முகவரியைச் சூப்பர்வைசர்கள் தங்கள் செல்போனில் அடித்தால் இருந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். முகவரி என்றால் புள்ளி வைத்துப் பிரித்த நான்கு எண்கள், அவ்வளவுதான். அதைத் திரையின் மேலே பெரிதாகக் காட்டும்படி எழுதி வைத்தவள் நான்தான்.

ஒரு கம்ப்யூட்டருக்கு ஒரே முகவரி என்றால் பரவாயில்லை. மெஷின் கேபிளுக்கு ஒன்று, ஆபீஸ் வைஃபைக்கு ஒன்று, தன்னோடு தானே பேசிக்கொள்ள ஒன்று என்று பல இருக்கும். நான் எழுதியது, முதலில் எது கையில் சிக்குகிறதோ அதைக் காட்டிவிடும். சின்ன மில்களில் அது சரியாகவே இருந்தது. பெரிய மில்களில் தப்பான எண் வரும். சூப்பர்வைசர் அதை அடித்துப் பார்த்துவிட்டு எனக்குப் போன் போடுவார். "ஏனுங்க, ஒண்ணுமே வரமாட்டீங்குதுங்க" என்பார். அப்புறம் நான் போனிலேயே அரைமணி நேரம் வழி சொல்ல வேண்டும்.

எல்லா முகவரியையும் பட்டியல் எடுத்துப் பெயரோடு காட்டினால் தீர்ந்துபோகும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் எழுதியும் பார்த்தேன். ஒரு மில்லில் அது திறந்தவுடனே பட்டென்று மூடிக்கொண்டது. ஒரு நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு காரணம் தெரிந்தது. மெஷின் விற்றவர்கள் வெளியூரிலிருந்து பார்ப்பதற்காக அதில் ஓர் இணைப்புப் போட்டு வைத்திருந்தார்கள். அந்த இணைப்பு ஓடாதபோதும் பட்டியலில் அதன் பெயர் வரும், ஆனால் முகவரி இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும். காலி இடத்தைப் போய்ப் படித்தால் புரோகிராம் செத்துவிடும். படிக்கும் முன்னால் காலியா என்று ஒரு வரி கேட்டால் போதும். அதற்குள் மில்காரர் அவசரப்படுத்தினார் என்று பழையதையே போட்டுக் கொடுத்துவிட்டு, அந்த மில்லும் அடுத்த வருடமே எங்களை விட்டுப் போய்விட, அப்படியே விட்டுவிட்டேன். சோம்பல்தான், வேறென்ன.

போன வருடம் அவள் வந்து சேர்ந்தாள். வால்பாறைக்காரி, என்னைவிட எட்டு வயது சின்னவள். கணவனுக்கு அங்கே டீ ஃபாக்டரியில் வேலை. பெண் குழந்தை அவனோடு இருந்தது. இவள் இங்கே ஹாஸ்டலில். ஆறு மாதம் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவது என்று முதலாளி சொல்லியிருந்தார். நிரந்தரமானால் ஜூனில் குடும்பத்தை இங்கே கொண்டுவந்து, குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்பது அவள் நினைப்பு. இதையெல்லாம் என்னிடம்தான் சொன்னாள். அக்கா, அக்கா என்று ஒரு நாளைக்கு நூறு தடவை கூப்பிடுவாள்.

வந்த மூன்றாம் மாதம், என் முகவரி விவகாரத்தை ஒரே மத்தியானத்தில் எழுதி முடித்துவிட்டாள். 'மெஷின் லைன்' என்று ஒரு எண், 'ஆபீஸ் வைஃபை' என்று ஒரு எண், வேண்டாததையெல்லாம் தள்ளிவிட்டு லட்சணமாக. முதலாளி திரையைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, இத்தன வருசமா நமக்கு இது தோணவே இல்லீங்களே?"

தோணாமலா! வாய்வரைக்கும் வந்தது. சொன்னால், தோணியும் ஏன் செய்யவில்லை என்று கேட்பார். பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். வயிற்றுக்குள் மிளகாய் அரைத்து ஊற்றின மாதிரி இருந்தது.

அன்றிலிருந்து அவள் என்ன செய்தாலும் எனக்கு ஆகவில்லை. சிரித்தால், என்ன இளிப்பு வேண்டிக்கிடக்கிறது என்று இருக்கும். பேசாமல் இருந்தால் திமிர் என்று இருக்கும். சூப்பர்வைசர்களின் போன் நின்றுபோனது. நிம்மதி என்று இருக்க வேண்டியவள், யாராவது கூப்பிட மாட்டார்களா என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய், அத்தனை கொண்டை ஊசி வளைவையும் பஸ்ஸில் சுற்றி இறங்கி வந்தாலும், திங்கட்கிழமை காலையில் தலை கலையாமல் சீட்டில் உட்கார்ந்திருப்பாள். எனக்குக் காந்திபுரம் போய்வந்தாலே தலைவலி. அதற்கும் பொறாமை. "அந்தப் புள்ளயத் தூக்கி வெச்சுப் பேசிட்டிருந்தியே, இப்ப என்னாச்சு?" என்று வீட்டுக்காரர் கேட்டார். "யாரு தூக்கி வெச்சா? சோத்தத் தின்னுபோட்டு எந்திரிங்க" என்றேன்.

அப்போதுதான் உடுமலைப்பேட்டைப் பக்கமிருந்து பெரிய மில் ஒன்று வந்தது. ஐந்து யூனிட். ஒரு யூனிட்டில் ஓட்டிக் காட்டி அவர்களுக்குப் பிடித்துவிட்டால் ஐந்தும் எங்களுக்கு. நான்தான் போவேன் என்று நானே முடிவு செய்துகொண்டு, கட்டிக்கொள்ளச் சேலைகூட எடுத்து வைத்துவிட்டேன். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"அந்தப் புள்ள போய்ட்டு வரட்டுங்க அம்மணி. இது நல்லபடியா முடிஞ்சுதுன்னா வேலைய பர்மனென்ட் பண்ணிப்போடலாம். அவ எழுதுனத நீங்க ஒருக்கா பாத்துக் குடுத்துருங்க."

எங்கள் ஆபீசில் அது வழக்கம். ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் வரி வரியாகப் படித்து ஓகே போட்டால்தான் மில்லுக்குப் போகும். முதலாளி மற்ற எதில் விட்டுக்கொடுத்தாலும் இதில் கறார். அவளுடைய முகவரிப் பட்டியலுக்கு முதலில் ஓகே போட்டது வேறொருத்தர்; இந்தத் தடவை என் முறை.

அவள் அனுப்பினாள், நான் திறந்தேன். அந்த இடத்துக்கு வர இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பட்டியலை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போகிறாள்; காலியா என்று கேட்கவே இல்லை. நான் விழுந்த அதே குழி. அந்த மில்லில் அப்படி ஓர் இணைப்பு இல்லாமலும் இருக்கலாமே என்று எனக்கு நானே நியாயம் பேசினேன். இருந்தால்தான் என்ன, நான் ஒரு நாள் முழுக்கப் படவில்லையா, அவளும் கொஞ்சம் படட்டும். அவள் வேலை அதில்தான் நிற்கிறது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் ஓகே என்று அடித்து அனுப்பினேன்.

"தேங்க்ஸுங்க்கா. நீங்க பாத்துட்டீங்கன்னா எனக்குப் பயமே இல்லீங்க" என்று எட்டிப் பார்த்துச் சொன்னாள்.

மறுநாள் காலை பஸ்ஸில் அவள் உடுமலைக்குப் போய்விட்டாள். எனக்கு ஆபீசில் இருப்புக் கொள்ளவில்லை. பதினோரு மணிக்கு எதிரிலிருந்த பேக்கரிக்குப் போய் ஒரு டீ சொல்லி, போனை மேஜைமேல் மல்லாத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மற்ற நாளில் டீ குடிக்கும்போது போனைத் தொடவே மாட்டேன். டீ பாதி குடிப்பதற்குள் அவள் பெயர் வந்தது.

"அக்கா, தொறந்த உடனே மூடிக்குதுங்க. பெரியவரு, மேனேஜரு எல்லாரும் பின்னால நின்னுட்டிருக்கறாங்க. எனக்குக் கையே ஓடலீங்க்கா." குரல் உடைந்துபோயிருந்தது.

இதைக் கேட்கத்தானே உட்கார்ந்திருந்தேன்? சந்தோஷம் வர வேண்டுமல்லவா? வரவில்லை. ஜூன் என்று சொல்லும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்பதுதான் ஞாபகம் வந்தது. என்ன செய்கிறோம் என்று யோசிக்கும் முன்னால் வாய் பேசிவிட்டது.

"அழுகாத கண்ணு. லிஸ்ட்ல முகவரி இல்லாதது ஒண்ணு வருது. நீ லிஸ்ட்ட ஒவ்வொண்ணாப் படிக்கற எடத்துல மூணாவது வரிக்கு மேல, காலியான்னு கேட்டுட்டு அப்புறமாப் படி."

சாவிகளைத் தட்டும் சத்தம் கேட்டது. பின்னால் யாரோ இருமினார்கள். அப்புறம், "வந்துருச்சுங்க்கா" என்றாள். நான் மூச்சு விட்டேன். அவள் போனை வைக்கவில்லை.

"அக்கா, நீங்க இப்ப நான் எழுதுனதத் தொறந்து வெச்சுப் பாத்துட்டா சொன்னீங்க?"

"இல்லியே, நான் பேக்கரில டீ குடிச்சுட்டு இருக்கறேன்."

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று சொன்னவன் கதையாக ஆகிவிட்டது. சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. "சரிங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மறுநாள் முதலாளி எல்லோரையும் நிற்க வைத்து மைசூர்பா கொடுத்தார். ஐந்து யூனிட்டும் நமக்கே, அவள் வேலையும் நிரந்தரம். நடுவில் ஒரு தடவை நின்றுபோய்விட்டதாமே என்று யாரோ கேட்டார்கள்.

"ஆமாங்க. அக்காதான் காப்பாத்துனாங்க" என்றாள் அவள். "நான் எழுதுனதத் தொறக்கக்கூட இல்லீங்க. டீ குடிச்சுட்டே, எத்தனாவது வரின்னு சொல்லிப்போட்டாங்க." குரலில் குத்தல் ஒன்றும் இல்லை. என்னை நேராகப் பார்த்துத்தான் சொன்னாள்.

"அதுக்குத்தானுங்க பழைய ஆளு வேணுங்கறது!" என்றார் முதலாளி. எல்லோரும் கை தட்டினார்கள். எத்தனையோ நாளாக நான் ஏங்கின கைதட்டல். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஜூனில் அவள் குடும்பம் வந்தது. வீட்டில் பால் காய்ச்சினபோது என்னையும் கூப்பிட்டாள், "பெரியம்மாவுக்கு வணக்கம் சொல்லு கண்ணு" என்று குழந்தையை முன்னால் நிறுத்தினாள். ஒரு குறையும் வைக்கவில்லை. எழுதினதைப் பார்க்க மட்டும் எனக்கு அனுப்புவதில்லை. "அக்காவுக்கு வேல ஜாஸ்திங்க" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டாளாம். போன மாதம் சேர்ந்த ஒருத்திக்குத்தான் இப்போது அனுப்புகிறாள். அந்தப் பெண் என் பின்சீட்டில் உட்கார்ந்து, "இந்த எடம் தப்புங்க்கா" என்று சொல்வதும், "அட ஆமா, நல்லவேள பாத்த" என்று இவள் சிரிப்பதும் எனக்குக் கேட்கும். அந்தப் புதுப் பெண்ணைக் கண்டால்தான் எனக்கு இப்போது தாங்கமாட்டேன் என்கிறது.