மாமனார் நடத்திய பேய் விசாரணை

டி.வி.யில் வெள்ளைச் சேலை கட்டிய ஒரு பேய், பாதி திறந்த கதவுக்குள் கையை நீட்டியபடி உறைந்து நிற்கிறது. எதிரே ரிமோட்டும் கையுமாக என் மாமனார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு சமையலறையில் இருந்த என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா, இங்கன வா. இந்தப் பொம்பள கையில வாட்ச் கட்டுன தடம் இருக்கா இல்லியா, நீயே சொல்லு." இருந்தது. வெயிலில் கறுத்த கையில் மணிக்கட்டைச் சுற்றி மட்டும் வெளுத்த ஒரு பட்டை. "செத்து நூறு வருசம் ஆச்சுங்கான். நேத்து வரைக்கும் வாட்ச் கட்டியிருக்கா" என்று சொல்லிக்கொண்டே நோட்டில் எழுதினார். மாமனாரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது இந்தக் காட்சிதான். பேய் நிற்க, அவர் எழுத, அடுப்பில் என் குழம்பு அடிப்பிடிக்க.

அவர் ராயகிரிக்காரர். அந்தப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் போலீஸிலோ பட்டாளத்திலோ இருப்பார்கள். இவர் போலீஸில் சேர்ந்து, ஓடுவதிலும் பிடிப்பதிலும் பெரிதாகப் பேர் வாங்காமல், கையெழுத்தில் பேர் வாங்கினார். ஸ்டேஷனில் புகாரையும் வாக்குமூலத்தையும் எழுதுகிறவரை ரைட்டர் என்பார்கள். பணிக்காலத்தில் பெரும்பகுதி அவர் ரைட்டர். ஓய்வு பெற்றுத் தென்காசியில் எங்களோடு இருந்தபோதும் தெருவில் அவர் 'ரைட்டரய்யா'தான். தான் எழுதிய வாக்குமூலத்தில் ஒரு புள்ளியைக்கூட எந்த வக்கீலும் அசைத்ததில்லை என்பது அவருடைய வாழ்நாள் பெருமை. வீட்டுக்கு வருகிற விருந்தாளிக்குக் காப்பி வருவதற்கு முன்னால் அது வந்துவிடும்.

மஸ்கட்டில் இருக்கும் என் கொழுந்தன்தான் இந்தப் பேயை வீட்டுக்குள் கொண்டுவந்தது. அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, முட்டுவலி, தூக்கமும் சரியில்லை. ஏதாவது நல்ல விஷயம் பார்க்கட்டும் என்று ஆன்மிகமும் அமானுஷ்யமும் மட்டுமே காட்டுகிற ஒரு வீடியோ சேவைக்கு ஒரு வருடச் சந்தா கட்டிவிட்டான். ஒரு பக்கம் தியானம், முற்பிறவி, உடம்பைச் சுற்றியிருக்கும் ஒளிவட்டம். இன்னொரு பக்கம் பேய் பங்களா, ஆவியோடு பேசுகிறவர்கள், வேற்றுக்கிரகவாசிகள். கட்டிவிட்டு போனில் அப்பாவிடம் ஒரு வார்த்தை தவறாகச் சொல்லிவிட்டான். "பாருங்கப்பா. பிரயோஜனமா இருக்கான்னு சொல்லுங்க, அடுத்த வருசமும் போடலாம்."

அவன் பேச்சுக்குச் சொன்னான். மாமனார் அதை மேலதிகாரியின் உத்தரவாக எடுத்துக்கொண்டார். மறுநாளே ஒரு நீள நோட்டு வந்தது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு பக்கம். சம்பவம் நடந்த இடம், நேரம், வெளிச்சம், சாட்சி யார், சாட்சிக்கும் பேய்க்கும் முன்விரோதம் உண்டா. கடைசியில் 'நிரூபணமாகவில்லை' என்று ஒரு வரி. அந்த வரிக்கு மட்டும் சிவப்பு மை.

காலையில் டிபன் முடிந்ததும் உட்கார்ந்தால் மதியச் சாப்பாடு வரை விசாரணை. வெளிநாட்டுக் கோட்டை ஒன்றில் இருநூறு வருடத்துக்கு முன் செத்த பிரபு ஒருவர் ஆவியாக வந்து, "யாரடா என் உறக்கத்தைக் கலைத்தவன்" என்று சுத்தத் தமிழில் கேட்டார். மாமனார் நிறுத்தினார். "வெள்ளைக்காரன் செத்த பொறவு தமிழ் படிச்சானா?"

"அது டப்பிங்குங்க" என்றாள் அத்தை.

"மனுசன் பேச்சுக்கு டப்பிங் வச்சா சரி. பேய்க்கும் வச்சா, அது என்ன சொல்லுச்சுன்னு நமக்கு எப்பிடித் தெரியும்?" என்றார். அதுவும் நோட்டில் ஏறியது.

அத்தை அவரோடு வாதாட மாட்டாள். அவளுக்கு வேண்டியதெல்லாம் மதியம் ஒரு மணிநேரம். தாடியில்லாத ஒரு இளவயதுச் சாமியார், பின்னால் ஆறு ஓட, "மூச்சைக் கவனியுங்கள்" என்று ஆரம்பிப்பார். இரண்டாம் மூச்சைக் கவனிப்பதற்குள் அத்தை தூங்கிவிடுவாள். அந்தச் சாமியார் மொத்தத்தில் என்ன போதித்தார் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த விசாரணையில் ஒருநாள் குற்றாலம் வந்தது. 'அருவிக்கரை பங்களாவின் அழுகுரல்' என்று தலைப்பு. மரங்களுக்கு நடுவே பூட்டிக் கிடக்கும் ஒரு பழைய பங்களா. அங்கே ஒரு பெண் அழுகிறாளாம், தகரக் கூரைமேல் யாரோ நடக்கிறார்களாம். மாமனார் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "ஏட்டி, இது நான் டூட்டி பாத்த பங்களால்லா!" என்றார் அத்தையிடம். யாரோ பெரிய மனிதர் தங்க வந்தபோது மூன்று வாரம் அவர் அங்கே காவல் இருந்திருக்கிறார். கூரைமேல் நடப்பது குரங்கு, அழுவது சாரல் காற்றில் ஒன்றோடொன்று உரசுகிற மூங்கில் என்று அவருக்கு முழுதாகத் தெரியும். உடனே ஒரு புகார் எழுதினார். அதை அந்தச் சேவையின் மின்னஞ்சல் முகவரிக்குத் தட்டி அனுப்பியவள் நான். 'மேற்படி பங்களாவில் பேய் இல்லை என்பதை நேரில் அறிந்தவன் என்ற முறையில்' என்று ஆரம்பித்து நான்கு பக்கம்.

நான் பதிலே வராது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் போன் வந்தது. அந்த நிகழ்ச்சியை எடுத்த தம்பி பேசினான். இரண்டாம் பாகம் எடுக்கப் போகிறோம், போலீஸில் இருந்தவர், அதுவும் உள்ளேயே தங்கியவர், ஐயா அவசியம் வந்து பேச வேண்டும். மாமனார் போனை வைத்துவிட்டு, "உண்மையக் கேக்க ஆள் இருக்கத்தான் செய்யுது" என்றார். அன்று மாலையே முடிவெட்டக் கிளம்பிவிட்டார்.

குற்றாலத்தில் அருவி கொட்டுகிற நல்ல சீசன் நேரம். எங்கள் வீட்டிலேயே மதுரையிலிருந்து வந்த இரண்டு சொந்தக்காரக் குடும்பம் குளித்த துணியைக் கொடி கொடியாகக் காயப்போட்டிருந்தது. சாரலில் ஒன்றும் காயவில்லை. அதற்கு நடுவில் அவருடைய வெள்ளைச் சட்டையை நான் இஸ்திரி போட்டே உலர்த்தினேன். துண்டு வேண்டாம் என்று அத்தை சொல்லியும் கேட்காமல் தோளில் போட்டுக்கொண்டார். காலை பதினோரு மணிக்கு பங்களா வாசலில் படப்பிடிப்பு. நானும் அத்தையும் ஓரமாக நின்று பார்த்தோம். முக்கால் மணிநேரம் பேசினார். கோர்ட்டில் நிற்பதுபோல விறைப்பாக நின்று, தேதிவாரியாக. "மொத நாள் கூரைமேல சத்தம் கேட்டுச்சு. பொய் சொல்லப்பிடாது, எனக்கே கை நடுங்கிட்டு. டார்ச் அடிச்சுப் பாத்தா, குரங்கு" என்றார். தாடி வைத்த அந்தத் தம்பி கையெடுத்துக் கும்பிட்டு, "சூப்பர் சார், இதுதான் வேணும்" என்றான்.

அவனுக்கு வேண்டியது எது என்பது மூன்று வாரம் கழித்துத் தெரிந்தது. நிகழ்ச்சியைப் பார்க்கத் தெருவில் பாதிப்பேரை மாமனாரே வீட்டுக்கு அழைத்திருந்தார். பதினோரு மணி வெளிச்சத்தை நீலமும் கறுப்புமாக்கி நள்ளிரவாக மாற்றியிருந்தார்கள். மாமனார் இருட்டிலிருந்து முளைத்து வந்தார். கீழே எழுத்து ஓடியது: 'காவல்துறை எழுத்தாளர்'. அவர் சொன்னார்: "சத்தம் கேட்டுச்சு... எனக்கே கை நடுங்கிட்டு..." அவ்வளவுதான். ஒரு பெண்ணின் அலறல், உடுக்குச் சத்தம், திரை கறுத்துவிட்டது. டார்ச்சும் இல்லை, குரங்கும் இல்லை. முக்கால் மணிநேரத்தில் அவர்கள் எடுத்துக்கொண்டது ஐந்து வார்த்தை.

எதிர்வீட்டு அண்ணாச்சி மெல்ல, "அந்தக் காலத்துல சொல்லவேயில்லியே ரைட்டரய்யா, இவ்வளவு நடந்திருக்கு" என்றார்.

அந்த வாரம் மாமனார் பட்ட பாட்டை எழுதி மாளாது. பால்காரர் திருநீறு கொண்டுவந்து கொடுத்தார். நடைப்பயிற்சியில் ஒருவர் நிறுத்தி, நீங்கள் எழுதிய புத்தகங்கள் எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார். பாவூர்சத்திரம் சந்தைக்குக் காய் வாங்கப் போனால், மூட்டை இறக்குகிறவர்கள் வேலையை விட்டுவிட்டு, "அது வெள்ளச் சேலையா, கலர் சேலையா?" என்று கேட்டார்கள். சொல்லச் சொல்லக் குரங்கை யாரும் நம்பவில்லை. பயத்தில் மறைக்கிறார் என்று முடிவுகட்டிவிட்டார்கள். திருத்தம் கேட்டு அந்தச் சேவைக்கு மறுபடி எழுதினோம். 'உங்கள் அனுபவத்தைப் பகிர்ந்ததற்கு நன்றி. மேலும் அமானுஷ்ய அனுபவங்கள் இருந்தால் தெரிவிக்கவும்' என்று தானாகப் பதில் வந்தது. சாப்பாடு குறைந்தது. "என் வாயால சொன்னத நறுக்கிட்டானே. நான் சொன்னது ஒண்ணு, இவன் காட்டுதது ஒண்ணு" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது எனக்குச் சிரிப்பு போய்விட்டது.

மனசு ஆறட்டும் என்று அவரை ஐந்தருவிக்கு அழைத்துப் போனோம். அங்கே எண்ணெய் தேய்த்துவிடுகிற ஒருவரிடம்தான் அவர் வருடா வருடம் போவார். ஏறக்குறைய மாமனார் வயதுதான் அவருக்கும் இருக்கும். எல்லோரும் அவரை 'முதுகுக்கண்ணு' என்று கூப்பிடுவார்கள். ஏன் என்று நான் கேட்டதில்லை. மாமனார் பலகையில் குப்புறப் படுத்துக்கொண்டு அந்தத் தம்பியைத் திட்டித் தீர்த்தார். பக்கத்தில் ரம்புட்டான் வாங்கிக்கொண்டிருந்த எங்களுக்கு எல்லாம் கேட்டது. எண்ணெய்க்காரர் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "ரைட்டரய்யா, கோவப்படப்பிடாது. எனக்கும் அப்பிடி ஒருத்தர் செஞ்சாரு. நான் சொன்னது ஒண்ணு, அவரு எழுதுனது ஒண்ணு."

"எவம்லே அது?"

"நீங்கதான்."

முதுகு முழுக்க எண்ணெய். எழுந்திருக்க முடியாமல் மாமனார் பலகையில் வழுக்கினார். எண்ணெய்க்காரர் தோளை அழுத்திப் படுக்கவைத்துவிட்டுச் சொன்னார். ஏதோ ஒரு சீசனில் குளிக்க வந்தவர்களுக்குள் அடிதடி. எந்த ஸ்டேஷன் வழக்கு என்று இரண்டு பேருமே எங்களிடம் சொன்னதில்லை. "நான் திரும்பி உக்காந்து ஒருத்தருக்குத் தேச்சிட்டு இருந்தேன், சத்தம் மட்டுந்தான் கேட்டேன்னு சொன்னேன். நீங்க 'நேரில் பார்த்தேன்'னு எழுதிட்டிய. கேசு நிக்கணுமேன்னு எழுதியிருப்பிய. கோர்ட்டுல அந்த வக்கீலு, முதுகுல கண்ணு இருக்காலேன்னு கேட்டாரு. ஜட்ஜய்யாவே சிரிச்சிட்டாரு. அன்னையிலருந்து எனக்கு இதுதான் பேரு. எம் பேத்தி பள்ளிக்கூடத்துலயும் முதுகுக்கண்ணு பேத்திதான்."

வழக்கில் வக்கீல் புள்ளியை அசைக்கவில்லை, மொத்தத்தையும் கவிழ்த்திருக்கிறார். அது மாமனாருக்குத் தெரியவே தெரியாது. அதற்குள் வேறு ஊருக்கு மாற்றலாகியிருந்தார். அன்று அவர் அருவியில் குளிக்கவில்லை. எண்ணெயோடேயே டவுன் பஸ்ஸில் ஏறி, சீட்டெல்லாம் பிசுபிசுக்கத் தென்காசி வந்து சேர்ந்தார்.

அடுத்த வாரம் அந்த நீள நோட்டை எடுத்துக்கொண்டு ஐந்தருவிக்குத் தனியாகப் போக இருந்தவர், வாசலில் நின்று, "நீயும் வாம்மா, சாட்சிக்கு ஒராள் வேணும்" என்றார். எண்ணெய்க்காரரின் பலகைமேல் உட்கார்ந்து, அன்று நடந்ததை மறுபடி சொல்லச் சொல்லி எழுதினார். அந்த மனிதர் சொன்ன வார்த்தையிலேயே. இடையில் ஒருமுறை மாமனார் கை தானாக 'மேற்படி நபர்' என்று எழுதியது. அடித்துவிட்டு 'அந்தாளு' என்று எழுதினார். முடித்து, சுற்றியிருந்த எண்ணெய்க்காரர்கள் எல்லோரும் கேட்க உரக்கப் படித்துக் காட்டினார். 'நான் திரும்பி உக்காந்திருந்தேன். சத்தம் மட்டும் கேட்டேன்.' எந்தக் கோர்ட்டிலும் செல்லாத அந்தத் தாளில் எண்ணெய் விரல் ரேகையோடு கையெழுத்து விழுந்தது. சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன். எண்ணெய்க்காரர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "இப்பம் சரி" என்றார். பட்டப்பெயர் மட்டும் போகவில்லை. அதற்கு மேல்முறையீடு கிடையாது.

வருடக் கடைசியில் கொழுந்தனுக்கு மாமனார் தன் அறிக்கையை அனுப்பினார். பேய்ப் பிரிவு: ஒன்றும் நிரூபணமாகவில்லை. ஆன்மிகப் பிரிவு: உன் அம்மா நன்றாகத் தூங்குகிறாள், ஆனால் அதற்கு ஒரு மின்விசிறி போதும். முடிவு: சந்தாவைப் புதுப்பிக்க வேண்டியதில்லை. கீழே ஒரு வரி, சிவப்பு மை இல்லாமல்: 'விசாரித்தவனும் குற்றமற்றவன் அல்ல.' கொழுந்தன் எனக்குப் போன் செய்து, "அப்பாவுக்கு உடம்பு நல்லாத்தானே இருக்கு மைனி?" என்று கேட்டான். நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் பத்து நாள் கழித்து, காலைக் காப்பியைக் குடித்துவிட்டுச் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நெஞ்சுவலி என்று சொல்லக்கூட அவருக்கு நேரமிருக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து மஸ்கட் திரும்புவதற்கு முந்தின நாள் கொழுந்தன் அத்தையிடம் கேட்டான். "அந்த வீடியோ சந்தா முடியுதும்மா. அப்பா வேண்டாம்னு எழுதியிருந்தாங்க, நிறுத்திரட்டுமா?"

"அவரு எழுதுனா எழுதிட்டுப் போறாரு. நீ கட்டு" என்றாள் அத்தை.

இப்போது மதியம் அந்தச் சாமியாரைப் போடுவதில்லை. அத்தை தானே ரிமோட்டை எடுத்து அருவிக்கரை பங்களாவைப் போடுகிறாள். நீல இருட்டுக்குள்ளிருந்து அவர் விறைப்பாக வருகிறார், தோளில் துண்டோடு. "சொன்னாக் கேட்டாத்தானே" என்கிறாள். அவர் பேசுகிறார். "சத்தம் கேட்டுச்சு... எனக்கே கை நடுங்கிட்டு..." அலறல் வருவதற்கு முன்னால் ஒரு நொடி இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில், எதிர்வீட்டுக்கும் கேட்கிற மாதிரி உரக்க, அத்தை சொல்கிறாள்:

"குரங்கு!"