ஜன்னல் வழியாகக் கொடுத்த பிள்ளை

என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது என் அப்பா அவளை ஒரு நாள் பஸ்ஸில் தனியாக அனுப்பிவிட்டார். இதை எங்கள் வீட்டில் யாரும் மறைப்பதில்லை. அப்பாவே கல்யாண வீடுகளில், பந்தியில் உட்கார்ந்துகொண்டு, பக்கத்து இலைக்காரரிடம் சொல்லிச் சிரிப்பார். போன வருஷம் அவர் போய்ச் சேர்ந்த பிறகு அதைச் சொல்ல ஆள் இல்லை. அதனால் நான் சொல்கிறேன்.

எங்கள் ஊர் சோழவந்தான். அப்பாவுக்குக் கொஞ்சம் வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. விடிவதற்குள் இலை கிள்ளப் போனாரென்றால் காலைச் சாப்பாட்டு நேரத்துக்குள் கட்டுக் கட்டி அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார். அம்மா நான் கல்லூரியில் படிக்கும்போதே காலமாகிவிட்டாள். கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். "அவுக அம்மா இல்லாத வீட்டுக்கு எதுக்கு அனுப்பணும், இங்கனயே பாத்துக்கிறோம்" என்று சமயநல்லூரிலிருந்து என் மாமியார் சொல்லிப் பார்த்தார். "தாய்வீடுன்னா நான் இருக்கேன்ல தங்கச்சி" என்று அப்பா பேச்சை முடித்துவிட்டார்.

சொன்னபடி இருந்தார். பூண்டை உரித்து நல்லெண்ணெயில் வதக்கி அவர் வைத்த பத்தியக் குழம்பில் உப்பு ஒரு நாளும் சரியாக இருந்ததில்லை. ஆனால் பால் நன்றாக ஊறியது, அதையும் சொல்லத்தான் வேண்டும். பிள்ளையின் துணிகளை அவரே அலசிக் கொடிக்கால் வேலியில் காயப்போடுவார். "என்னண்ணே, கொடிக்கால்ல வெத்தல விளையுதா, துணி விளையுதா?" என்று போகிறவர்கள் கேலி பேசுவார்கள். "ரெண்டும் எளசுதான் மாப்ள, பாத்துப் போ" என்பார்.

மதுரை ஆரப்பாளையத்தில் ஒரு சின்ன இரத்தப் பரிசோதனை நிலையத்தில் எனக்கு வேலை. மூன்று மாதம் பொறுப்பார்கள், பிறகு வேறு ஆள் பார்த்துக்கொள்வார்கள். எனக்கோ அந்த வேலை மேல் அவ்வளவு ஆசை. ஊசி குத்தினதே தெரியலையே என்று ஆட்கள் சொல்லிவிட்டுப் போவதைக் கேட்டால் அன்றைக்கு முழுக்கச் சந்தோஷமாக இருக்கும். மாமியாரோ வேலையை விட்டுவிட வேண்டியதுதான் என்றார். திருப்பூரில் இருந்த என் வீட்டுக்காரர் அம்மா பேச்சுக்கு மறுபேச்சுப் பேசாதவர். நான் கோபத்தில் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினேன். அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியவில்லை.

அப்பாதான் வழி சொன்னார். பால் மறக்கிற வரைக்கும் நான் சோழவந்தானில் இருந்தே வேலைக்குப் போவது. தினமும் மத்தியானம் அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் மதுரைக்கு வருவார். நான் பால் கொடுத்ததும் திரும்பிக் கூட்டிப் போய்விடுவார். மாமியார் நெடுநேரம் யோசித்து, ஒரு நிபந்தனை போட்டுத்தான் சம்மதித்தார்.

"பிள்ளைக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா, அன்னைக்கே வேலைய விட்டுறணும். சரியாண்ணே?"

"சரி தங்கச்சி" என்றார் அப்பா.

எங்கள் பஸ் எப்போதும் கூட்டமாகத்தான் வரும். நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டையோ பையையோ போட்டு இடம் பிடிக்க வேண்டும். அப்பா அதில் கெட்டிக்காரர். ஆனால் கையில் பிள்ளையோடு துண்டு போட்டுவிட்டு ஏறுவதற்குள் யாராவது துண்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். அதனால் அவர் துண்டை விட்டுவிட்டுப் பிள்ளையையே கொடுக்க ஆரம்பித்தார். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிற ஏதாவது ஒரு பெண்ணிடம், "ஆத்தா, செத்த பிடி, இந்தா ஏறி வாரேன்" என்று நீட்டினால் யாரும் மாட்டேன் என்று சொன்னதில்லை. பிள்ளை மடியில் உட்கார்ந்துவிடும், அவர் நின்றுகொண்டு வருவார். எங்கள் பக்கத்தில் இதை யாரும் தப்பாக நினைப்பதில்லை.

அன்றைக்கும் அப்படித்தான் ஒரு கீரைக்கார அம்மாவிடம் கொடுத்திருக்கிறார். கொடுத்த பிறகுதான் துணிப்பையை டீக்கடைப் பெஞ்சில் வைத்தது ஞாபகம் வந்திருக்கிறது. எடுக்கத் திரும்பினார். படியில் ஏறவேண்டியவர்கள் எல்லாம் ஏறிவிட்டார்கள் என்று கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் போய்விட்டது.

அப்பா துண்டை ஆட்டிக்கொண்டு ஓடியிருக்கிறார். வேட்டி தடுக்கி ஒரு தடவை விழுந்து எழுந்தும் ஓடியிருக்கிறார். ரயில்வே கேட் அடைத்திருந்ததால் பஸ் அங்கே நின்றது. அந்தக் கேட்டைத் திட்டாமல் அவர் ஒரு நாளும் மதுரைக்கு வந்ததில்லை. அன்றோடு திட்டுவதை விட்டுவிட்டார். உள்ளே கீரைக்கார அம்மா பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு கண்டக்டரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாராம். அப்பாவைப் பார்த்ததும் சண்டை அவர் பக்கம் திரும்பிவிட்டது.

"பெரிய மனுசா, பைய எடுக்கப் பிள்ளைய விட்டுட்டா போவ? ஒனக்குக் கொஞ்சமாச்சும் அறிவிருக்கா?"

அப்பா கையை நீட்டினார். அந்த அம்மா கொடுக்கவில்லை. "கை இம்புட்டு நடுங்குது. கம்பியப் பிடிச்சு நில்லு. ஆரப்பாளையத்துல தாரேன்" என்று சொல்லிவிட்டார். பிள்ளை அவருடைய வளையலைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டிருந்தாள்.

என்னிடம் வந்ததும் எதையும் மறைக்காமல் அப்பா அப்படியே சொன்னார். முழங்கையில் தோல் உரிந்திருந்தது. நான் அவரை என்னவெல்லாம் சொன்னேனோ, மாடியிலிருந்த ஆட்கள் இறங்கி வந்து பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். கத்திவிட்டுப் பால் கொடுத்தபடி அழுதேன். வேலை போயிற்று என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த பஸ் சமயநல்லூர் வழியாகத்தான் போகிறது, சாயங்காலத்துக்குள் மாமியார் காதுக்குச் செய்தி போய்விடும்.

போயும்விட்டது. மறுநாள் காலையில் மாமியார் வாசலில் நின்றார். "சொன்னது சொன்னதுதாண்ணே. இன்னையோட வேலைய விடச் சொல்லுங்க."

அப்பா வாதாடவில்லை. "தப்புப் பண்ணது நான். தண்டன அவளுக்கா தங்கச்சி?" என்றார். அம்மா போன அன்றைக்குப் பிறகு அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. "இன்னைக்கு ஒரு நாள் எங்கூட பஸ்ல வாங்க. பாத்துட்டு வேணாம்னா, நானே வேணாம்ங்கிறேன்."

மாமியார் என்னை ஒரு பார்வை பார்த்தார். "சரி, இன்னைக்குப் போ" என்றார். அன்றைக்கு நான் இரத்தம் எடுத்த கை ஒவ்வொன்றையும் இதுதான் கடைசி என்று நினைத்துக்கொண்டே பிடித்தேன்.

மத்தியானம் மூன்று பேரும் வந்து சேர்ந்தார்கள். அப்பா துண்டைக் குறுக்கே கட்டிப் பிள்ளையை அதற்குள் தூளி மாதிரி போட்டுக்கொண்டு வந்திருந்தார். மாமியார் முகத்தில் கோபம் இருந்தது, ஆனால் அது என் மேல் இல்லை. பஸ் ஊருக்குள் வந்தபோதே கீரைக்கார அம்மா ஜன்னலோர இடத்தில் தன் சாக்கைப் போட்டு வைத்திருந்தாராம். உட்காரப் போன ஒரு ஆளை, "அது பாப்பா சீட்டு, எந்திரி" என்று விரட்டினாராம். கண்டக்டர் படியில் நின்று எட்டிப் பார்த்து, "தாத்தா ஏறியாச்சா? பாப்பா ஏறியாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் விசில் அடித்தாராம். அதோடு விட்டார்களா? தேனூர் தாண்டுவதற்குள் பிள்ளை இரண்டு மூன்று மடி மாறிவிட்டாள். கடைசியில் மாமியார் கைநீட்டிக் கேட்டதற்கு ஒருத்தி, "நீ யாருத்தா?" என்று கேட்டுவிட்டாள். அதுதான் கோபம்.

"எம்பேத்திய எங்கிட்டக் குடுக்க மாட்டேங்குறாளுக" என்றார் மாமியார். பால் குடிக்கிற பிள்ளையையும் என் வெள்ளைக் கோட்டையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அப்பாவிடம் திரும்பினார். "இனிமே சமயநல்லூர் வரைக்கும் நீங்க கொண்டாங்க. அங்கன நான் ஏறிக்கிறேன். அதுக்கப்புறம் எம்மடிதான், ஆமா."

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, டீ வாங்கி வருகிறேன் என்று வெளியே போய்விட்டார்.

பால் மறக்கிற வரைக்கும் அப்படியே நடந்தது. அந்த நிலையத்தில்தான் இன்றைக்கும் வேலை பார்க்கிறேன். அப்பா இறந்த அன்று மாமியார்தான் தலைமாட்டில் உட்கார்ந்து, சொந்த அண்ணன் போனமாதிரி அழுதார். எனக்குத் தெரியாத பெண்கள் நிறையப் பேர் மாலையோடு வந்திருந்தார்கள். யாரென்று கேட்டால், "பஸ்ல வாரவுக" என்றார்கள்.

மகள் இப்போது மதுரையில் கல்லூரிக்குப் போகிறாள். அதே பஸ்தான். போன வாரம் வீட்டுக்கு வந்ததும் பையைக்கூட வைக்காமல் சொன்னாள்.

"அம்மா, இன்னைக்கு எனக்கு ஜன்னல் சீட்டு. கீழ நின்ன ஒரு அக்கா பாப்பாவ எங்கிட்டக் குடுத்துட்டாங்க. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? பிள்ளையக் குடுத்தவுக ஏறுற வரைக்கும் விசில் அடிக்காதீங்கண்ணேன்னு கத்திட்டேன். பஸ்ஸே திரும்பிப் பாத்துச்சு."

"அந்த அக்கா ஏறிட்டாளா?"

"ஏறிட்டாங்க. பாப்பாவக் கேட்டாங்க, நான் குடுக்கல. ஆரப்பாளையம் வரைக்கும் நானே வச்சிருந்தேன்" என்றாள்.