கறிவேப்பிலைக்கு ஒரு தலையாட்டல்

போன செவ்வாய்க்கிழமை ஒரு வியாபாரத்தைப் பேசி முடித்துவிட்டேன் என்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். புதன்கிழமை காலையில் பார்த்தால் எல்லாம் தலைகீழ். இத்தனைக்கும் யாரும் ஒரு வார்த்தை கூடத் தப்பாகப் பேசவில்லை. அதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை...

முதலிலிருந்தே சொல்கிறேன்.

சைகோனில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துச் சமூகக் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓர் இலவச வகுப்பு நடக்கிறது. சம்பளத்தை எப்படிக் கட்டுசெட்டாகச் செலவழிப்பது, இன்டர்வியூவில் எப்படிப் பேசுவது, தோட்டத்தில் விளைந்ததை எப்படி விற்பது — எல்லாம் அங்கேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். சென்னையில் கொஞ்ச காலம் பேங்க்கில் வேலை பார்த்தேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். பிடித்துக்கொண்டார்கள். அதிலும் எனக்கு வந்தது விவசாய வியாபாரப் பாடம்! எங்கள் பால்கனியில் மணி பிளான்ட்டே காய்ந்து கிடக்கிறது. இதை யாரிடம் சொல்ல?

எனக்கு வியட்நாமிய மொழி காய்கறி வாங்கும் அளவுக்குத்தான் வரும். நான் ஆங்கிலத்தில் சொல்வதை லின் மொழிபெயர்ப்பாள். ஒரு கம்பெனியில் அக்கவுண்டன்ட். கெட்டிக்காரி.

வகுப்புக்கு சீ பா என்று ஒரு பெண்மணி வருகிறார். திட்டுவதுபோல இருக்கிறதா? இல்லை, இங்கே 'சீ' என்றால் அக்கா. 'பா' என்றால் மூன்று. வீட்டில் இரண்டாவதாகப் பிறந்தவர், அதனால் மூன்று! மூத்த பிள்ளையையே இந்த ஊரில் இரண்டு என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஏன் என்று கேட்டேன். விளக்கினார்கள். கேட்காமலே இருந்திருக்கலாம்.

நகரத்தின் ஓரத்தில், ஹோக் மோன் பக்கம், சீ பாவுக்குக் கொஞ்சம் நிலம். அதில் பாதி கறிவேப்பிலை. இந்தியர்கள் அடித்துப் பிடித்து வாங்குவார்கள் என்று யாரோ சொல்லி நாற்றைக் கொடுத்திருக்கிறார்கள். செடி ஆளுயரம் வளர்ந்துவிட்டது. வாங்கத்தான் ஆளைக் காணோம். கணவருக்குப் பொறுமை போய்விட்டது. பிடுங்கிவிட்டு மிளகாய் போடுகிறேன் என்று நாற்றும் வாங்கி வைத்துவிட்டார். "கொஞ்சம் பொறுங்க, டீச்சர் ஒரு ஆளைக் காட்டுறேன்னு சொல்லியிருக்காங்க" என்று சீ பாதான் தடுத்து வைத்திருந்தார்.

அந்த டீச்சர் நான்தான். அந்த ஆள், அண்ணாமலை அண்ணன். காரைக்குடிக்காரர். நகரத்தின் நடுவில், டிஸ்ட்ரிக்ட் ஒன்னில் செட்டிநாட்டுச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறார். அவருக்குக் கறிவேப்பிலை விமானத்தில் வருகிறது. வந்து சேர்வதற்குள் பாதி கறுத்துவிடுகிறது என்று எப்போது பார்த்தாலும் புலம்பல். இங்கே இலை, அங்கே ஆள். இதைவிடச் சுலபமான காரியம் உண்டா?

செவ்வாய்க்கிழமை சீ பாவையும் லின்னையும் கூட்டிக்கொண்டு போனேன். "சீ பா, உள்ள வாங்க" என்றதும் அண்ணன் பதறிப்போனார்.

"என்னம்மா இது, கூட்டியாந்துட்டு வாசல்ல வச்சு வையிறீக!"

விளக்கிச் சொன்னேன். சிரித்தார். ஒரு கொத்தை உருவிக் கசக்கி மோந்து பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மெதுவாக ஆடியது. இதற்கு மேல் ஒரு காரைக்குடிக்காரரிடமிருந்து பாராட்டு வருமா? எனக்குப் புல்லரித்துவிட்டது. சீ பாவின் முகம் சுண்டிப்போனதையும் பார்த்தேன். வெயிலில் வந்த களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

"தினம் காலையில கொண்டாந்து தருவாகளா, கேளுங்க."

லின் கேட்டாள். சீ பா பணிவாக, "யா" என்றார்.

"மழைக்காலத்துலயும்?"

"யா."

"பணம் மாசக் கடைசியிலதான். பரவாயில்லையாமா?"

"யா."

இதற்கு மொழிபெயர்ப்பு எதற்கு? எங்களுக்கே புரிந்ததே! அண்ணனுக்கு ஒரே பூரிப்பு. ஒவ்வொரு 'யா'வுக்கும் தலையை ஆட்டினார். "தங்கமான மனுசி! எதைக் கேட்டாலும் சரிங்கிறாக!"

அதற்குள் மதியச் சாப்பாட்டுக் கூட்டம் வந்துவிட்டது. "பாத்துக்கலாம்மா" என்று சொல்லிக்கொண்டே அவர் உள்ளே ஓடினார். அதையும் ஆங்கிலத்தில் லின்னிடம் சொன்னேன். எல்லோரும் கும்பிட்டுக்கொண்டு பிரிந்தோம்.

புதன்கிழமை காலை, டம்ளரில் காபி ஆறுவதற்குள் லின்னிடமிருந்து போன்.

"டீச்சர், சீ பா உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாங்க. அவங்க வீட்டுக்காரர் செடியைப் பிடுங்க ஆரம்பிச்சுட்டாராம்."

எனக்கு ஒன்றுமே ஓடவில்லை. "ஏன்?"

"உங்க அண்ணன்தான் வேணாம்னுட்டாரே! இலையை மோந்து பார்த்ததுமே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமா தலையை ஆட்டிட்டாரு. எங்க ஊர்ல அப்படி ஆட்டினா வேணாம்னு அர்த்தம். கடைசி வரைக்கும் ஆட்டிக்கிட்டே இருந்தாரு. கேள்வியெல்லாம் மரியாதைக்குக் கேட்கிறாருன்னு நினைச்சோம்."

"அடக் கடவுளே... அது வேண்டாம் இல்லை லின், வேணும்!"

"அப்புறம், 'பார்க்கலாம்'னு சொன்னார்னு நீங்களே சொன்னீங்களே."

சொன்னேன். யோசித்துப் பார்த்தால் தமிழிலும் 'பார்க்கலாம்' என்றால் வேண்டாம்தான். ஆனால் 'பாத்துக்கலாம்' என்றால் கவலையை விடு, ஆயிற்று என்று அர்த்தம். இந்த வித்தியாசத்தை எந்த ஆங்கிலத்தில் போய்ச் சொல்வது? நான் சொன்ன ஆங்கிலம் பாவம், இரண்டுக்கும் ஒன்றாகவே இருந்தது.

"சரி, சீ பா எல்லாத்துக்கும் 'யா' சொன்னாங்களே! சம்மதம்னுதானே அர்த்தம்?"

லின் குரலைத் தணித்துக்கொண்டாள்.

"டீச்சர்... 'யா'ன்னா சம்மதம்னு இல்ல. நீங்க பேசுறது காதுல விழுது, சொல்லுங்கன்னு அர்த்தம். மரியாதைக்குச் சொல்றது."

"அப்போ வகுப்புல புரிஞ்சுதான்னு நான் கேட்கிறப்பல்லாம் எல்லாரும் 'யா'ன்னாங்களே, அவங்களுக்குப் புரிஞ்சுதா இல்லையா?"

லின் ரொம்ப மரியாதையாகச் சொன்னாள். "யா..."

அழுவதா சிரிப்பதா? வாங்க ஆள் இல்லாத பயிரைக் கட்டிக்கொண்டு அழாதீர்கள் என்று போன மாதம் வகுப்பில் சொன்னதும் நான்தான். சொன்னதிலேயே அது ஒன்று மட்டும் சரியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதுவும் மண்வெட்டியோடு!

அண்ணனைக் கூப்பிட்டேன். "நான் எப்பம்மா வேணாம்னேன்?" என்று அலறினார். அடுப்பில் இருந்ததை அப்படியே ஆட்களிடம் விட்டுவிட்டு, பைக் டாக்ஸி பிடித்து வந்துவிட்டார். ஆளுக்கொரு பைக்கில் ஹோக் மோனுக்குப் பறந்தோம். லின்னும் ஆபீசில் ஏதோ சொல்லிவிட்டு வந்து சேர்ந்தாள்.

முன்வரிசைச் செடிகள் வேரோடு கிடந்தன. தோட்டம் முழுக்க வாசனை வேறு... சீ பா ஒரு பக்கம் கண் சிவந்து நின்றுகொண்டிருந்தார். அடுத்த வரிசையில் கணவர், மண்வெட்டியை ஓங்கிய கையோடு.

"நிறுத்தச் சொல்லும்மா! அம்புட்டும் எனக்கு வேணும்!" என்றார் அண்ணன். தலை ஆடிக்கொண்டிருந்தது.

"அண்ணே, முதல்ல தலையை ஆட்டாதீங்க!"

"நான் எங்கம்மா ஆட்டுறேன்?"

ஆட்டிக்கொண்டேதான் கேட்டார். கடைசியில் இரண்டு கையாலும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பேசினார். வேறு வழி? நேற்றைய கேள்விகளையெல்லாம் லின் மறுபடி ஒவ்வொன்றாகக் கேட்டாள். இந்தத் தடவை 'யா'வோடு விடவில்லை. உண்மையில் என்ன நினைக்கிறீர்கள் என்று துருவினாள்.

தினமும் தர முடியும். மழைக்காலத்தில் தினமும் முடியாது, ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான். மாதக் கடைசியில் பணமா? சீ பா தலையைக் குனிந்துகொண்டு, "யா, கோம்" என்றார்.

'கோம்' என்றால் இல்லை. இது எனக்கே தெரியும். அப்படியென்றால்... ஆமாம்-இல்லையா?

"மரியாதையா 'முடியாது'ன்னு சொல்றாங்க" என்றாள் லின்.

அண்ணன் கன்னத்தைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தார். "அட, நேத்து எல்லாத்துக்கும் சரின்னாகன்னு நெனச்சேனே! சரி, வாராவாரம் குடுத்துர்றேன். இதுக்காவது அவுக வாயால சரின்னு சொல்லச் சொல்லு தாயி!"

லின் சொன்னாள். சீ பா முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். ஏதோ நீளமாகச் சொன்னார். அதில் 'யா' இல்லை. லின் கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். அப்பாடா!

ஒருவருக்கு விற்க ஆசை, இன்னொருவருக்கு வாங்க ஆசை. இரண்டு பேரும் மற்றவர் மனம் நோகக்கூடாது என்று நடந்துகொண்டிருக்கிறார்கள். அந்த மரியாதையிலேயே ஒரு தோட்டம் போயிருக்கும்! இதற்கு எந்தப் பாடத்தில் இடம் இருக்கிறது? எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

அதுவரை மண்வெட்டியைப் பிடித்தபடி நின்ற கணவர் அப்போதுதான் என் பக்கம் திரும்பினார். வியட்நாமிய மொழியில் ஏதோ கேட்டார்.

"மிச்சச் செடியெல்லாம் இருக்கட்டுமா, டீச்சர் சொன்னா சரிங்கிறாரு" என்றாள் லின்.

இதைவிட வேறென்ன வேண்டும் எனக்கு? அண்ணனைப் போலவே சந்தோஷமாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் தலையை ஆட்டினேன்.

அவர் பெருமூச்சு விட்டுவிட்டு மறுபடி மண்வெட்டியை ஓங்கினார்.