மூன்று மொழிகளில் ‘திறக்காதீர்’

போன புதன்கிழமை, கொழும்பிலிருந்து கண்டிக்கு வரும் வழியில், ஒரு சோதனைச் சாவடியில் சார்ஜன்ட் ஒருவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: “மேகே மொனவத தியென்னே?”

இதற்குள் என்ன இருக்கிறது?

சாதாரணக் கேள்விதான், பிள்ளைகளே. பதிலும் சாதாரணம்தான் – கடற்பாசி. ஆனால் அதை வைத்திருந்த ரெஜிபோம் பெட்டியை, மீனுக்கு ஐஸ் போடுகிற அந்த வெள்ளைப் பெட்டியைச் சுற்றி நாலு சுற்று டேப். அதன் மேல் சிவப்பு மையில், என் கையாலேயே, கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன்: திறக்காதீர். தமிழில், சிங்களத்தில், ஆங்கிலத்தில்!

குண்டுப் பயம் பிடித்த இந்தக் காலத்தில் இப்படி எழுதிக்கொண்டு பஸ் ஏறுகிற புத்திசாலி யார்?

ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவன்தான். நான் கம்பஸில், அதாவது பல்கலைக்கழகத்தில், போத்தல் கழுவுகிறவன், சாமான் எடுத்துக் கொடுக்கிறவன். அங்கே எது கெட்டுவிடக் கூடாதோ, அதன்மேல் சிவப்பில் எழுதிவைப்போம். யாரும் தொடமாட்டார்கள். அந்தப் பழக்கம் கூடவே பஸ் ஏறிவிட்டது.

பாசி எங்கள் ஆராய்ச்சி மிஸ்ஸுடையது. அவருக்காகத் தென்கடலில் பறித்தவர்கள், ஆறு பொட்டலமாகக் கட்டி, கொழும்பில் என் கையில் கொடுத்தார்கள். மிஸ் யாழ்ப்பாணத்துக்காரி. நான் கண்டியிலிருந்து புறப்படும்போதே சொல்லியிருந்தார்: “அண்ணை, வழியில திறந்துபோடாதேங்கோ. சூடு பட்டா என்ர மூண்டு மாச வேலை போச்சு.”

அப்படி என்ன அதில்? நான் கொஞ்சம்தான் படித்தவன். எனக்கு விளங்கியதைச் சொல்கிறேன். பாசிக்குள்ளும் இலைக்குள்ளும் கொழுப்பு இருக்கிறது. நசுங்கினால், பூச்சி கடித்தால், அந்தக் கொழுப்பு அமிலத்தோடு ஒட்சிசன் சேர்ந்து புதுப் பொருள்கள் உண்டாகின்றன. ஒக்சிலிப்பின் என்பார் மிஸ். புல் வெட்டும்போது ஒரு பச்சை வாசம் வருமே... அதுவும் இந்தக் குடும்பம்தான். சில வகை, கடிக்க வருகிறதை விரட்டும். சில வகை, பக்கத்தில் இருக்கிறதற்குத் தகவல் சொல்லும் – “என்னைக் கடிக்கிறார்கள், நீ தயாராகு!” கடலுக்குள்ளேயும் இது நடக்கிறதாம். அதனால்தான் பாசி உறைந்தே வர வேண்டும். ஐஸ்கிரீம்காரர் வைத்திருக்கிற, புகைவிடுகிற ஐஸ் போட்டிருந்தோம்.

புகை! அதுதான் பிரச்சினை.

“திற” என்றார் சார்ஜன்ட்.

திடீரென்று திறந்து புகை வந்தால் சுட்டுவிடுவார்களே என்று பயந்து, சிங்களத்தில் முன்கூட்டியே சொன்னேன்: “சேர், திறந்தால் புகை வரும். பயப்படாதீர்கள்.”

சோதனைச் சாவடியில் ஒரு தமிழன் சொல்லக்கூடிய வசனமா இது?

இரண்டு ஆமிக்காரர்கள் பின்னால் பாய்ந்தார்கள். துப்பாக்கி நிமிர்ந்தது. ‘கிளிக்’ என்று ஒரு சத்தம். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினேன்.

“யார் இவனோடு வந்தது?”

பஸ்ஸிலிருந்து இறக்கிய சனம் வரிசையாக நின்றது. நாற்பது பேர் இருக்கும். எல்லோரும் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள்.

“நான் வந்தேன், சேர்.”

திகன ஊர் ஹனிபா நானா! முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். புடவை வியாபாரி. கொழும்புப் புறக்கோட்டையில் ஏறியதிலிருந்து என் பக்கத்து சீட். பழக்கம் மூன்று மணித்தியாலம்தான். “இவர் கம்பஸில் வேலை. வழியெல்லாம் இந்தப் பெட்டியைப் பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வெடிக்கிற சாமானை யாராவது மடியில் வைப்பார்களா?” என்றார் சிங்களத்தில்.

அவ்வளவுதான். அவர் கையும் தலைக்கு மேலே போனது. அவருடைய புடவைக் கட்டைக் கிழித்து மண்ணில் கொட்டினார்கள்.

பெட்டியோடு என்னைத் தனியாக வெறும் தரைக்கு நடந்துபோய்த் திறக்கச் சொன்னார்கள். நடந்தேன். வீட்டில் மனைவி அரிசி களைந்துகொண்டிருப்பாள் என்று நினைத்தேன். டேப்பைக் கிழித்தேன். மூடியைத் தூக்கினேன். வெள்ளைப் புகை பொங்கி வழிந்து தரையில் ஊர்ந்தது.

பின்னால் யாரோ கத்தினார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒன்றும் நடக்கவில்லை.

சார்ஜன்ட் மெல்ல வந்தார். ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். பாசியை விரலுக்கிடையில் நசுக்கினார், முகர்ந்தார். புருவம் உயர்ந்தது.

“கெக்கிரி வாசனை!”

உண்மைதான். வெள்ளரிக்காய் நறுக்கினது போல ஒரு வாசம். என்னையும் முகரச் சொன்னார். முகர்ந்தேன். பிறகு, “போ... போ” என்று கையை வீசினார். மற்ற ஐந்து பொட்டலத்தைத் தொடவில்லை.

நானாவின் புடவைகளை நாங்கள் இரண்டு பேருமாகத் தூசி தட்டி மடித்தோம். பஸ்ஸில் ஏறியதும் கேட்டேன்: “ஏன் நானா வாயத் தொறந்தீங்க? ஒங்களையும் கொண்டு போயிருந்தா?”

“பயம் இல்லாமலா தம்பி? ஊட்டுல நாலு புள்ளைகள் ஈக்குது. வாய்தான் முந்திட்டுது, நான் என்ன செய்ற?” என்றவர், கொஞ்சம் பொறுத்து என் விலாவில் இடித்தார். “இனிமே ‘தொறக்காதீங்க’ண்டு எழுதாம, ‘கருவாடு’ண்டு எழுதுங்களே. ஒருத்தனும் கிட்ட வரமாட்டான்!”

கம்பஸில் மிஸ் பெட்டியைத் திறந்து, பிரித்த பொட்டலத்தைக் கண்டதும் கேட்டார்: “இதை எத்தினை மணிக்கு நசுக்கினவங்கள், அண்ணை?”

“பத்து நாப்பதுங்க, மிஸ்.”

கையைத் தலையில் வைத்துக்கொண்டும் மணி பார்த்திருக்கிறேன்! மிஸ் சிரித்தார். எழுதப் போனவர் எழுதாமல் பேனையை வைத்துவிட்டு, “முதல்ல இருங்கோ அண்ணை, தேத்தண்ணி குடியுங்கோ” என்று கதிரையை இழுத்துப் போட்டார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். ஆனால் பிள்ளைகளுக்கு எழுதும்போது பாதியை ஒளிக்கக் கூடாது, இல்லையா?

போன வருஷம் இதே வீதியில், இதே மாதிரி ஒரு பஸ். என் பக்கத்தில் மலைநாட்டுப் புசல்லாவைக்காரர் ஒருவர். “எங்க தோட்டத்துப் பேரிக்கா, சாப்பிடுங்க” என்று ஒன்று தந்தார். அடையாள அட்டை சரியில்லை என்று அவரை இறக்கினார்கள். யார் இவனோடு வந்தது என்று அன்றும் கேட்டார்கள். பஸ் புறப்பட்டபோதும் அவர் ஏறவில்லை.

பேரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு, நான் யன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் இருக்கிறதற்குத் தகவல் சொல்கிற பாசிக்கு வாய் இல்லை, பிள்ளைகளே. எனக்கு இருந்தது.