மலாவி மாமரத்தடியில் கேட்ட செபம்

என் மனைவி இறந்தபின் கனடாவில், மில்லிக்கன் வீட்டில் நான் தனி ஆள். ஒரே மகள் தர்சினி, மலாவியில் ஒரு கிராமத்து ஆஸ்பத்திரியில் நேர்ஸ். தாயின் முப்பத்தோராம் நாள் முடிந்ததும் அவள் வேலைக்குத் திரும்பினாள். விமான நிலையத்தில், "என்னைத் தனிய விட்டிட்டுப் போறியோ?" என்று கோபித்தேன். அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு குறைந்துவிட்டது. ஞாயிறுகளில் பூசைக்குப் போவேன். ஒருவரோடும் கதைக்காமல் வந்து காரில் ஏறிவிடுவேன். உதடு செபம் சொல்லும். மனம் சொல்லாது.

போன மாசி மாதம், வாசலில் பனி வழித்துக்கொண்டு நின்றபோது தொலைபேசி வந்தது. மகளோடு வேலை செய்யும் கிரேஸ் என்ற பெண். தர்சினிக்கு மலேரியா, மூளையைத் தாக்கிவிட்டது, நினைவில்லை என்றாள்.

மூன்று விமானம் மாறி வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்தேன். பிள்ளை கண் மூடிக் கிடந்தாள். கை நெருப்பாகச் சுட்டது. "ஆண்டவரே" என்று தொடங்கினேன். அடுத்த சொல் வரவில்லை. இரண்டு நாள் அப்படியே பக்கத்தில் இருந்தேன்.

ஞாயிறு காலை கிரேஸ் என்னைக் கட்டாயப்படுத்தி வழிபாட்டுக்குக் கூட்டிப் போனாள். அங்கே கோயில் கட்டடம் இல்லை. பெரிய மாமரம் ஒன்று. அதன் கீழே பாயிலும் வெறுந்தரையிலும் ஊரே இருந்தது. எனக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் கதிரை கொண்டுவந்து வைத்தார்கள். அத்தனை பேர் நடுவில் என் வீட்டைவிடத் தனிமையாக இருந்தது. பாட்டும் விளங்கவில்லை, பிரசங்கமும் விளங்கவில்லை.

பிறகு எல்லோரும் எழுந்து, அவரவர் பாட்டில் உரத்துச் செபிக்கத் தொடங்கினார்கள். அந்த இரைச்சலுக்குள் என் மகளின் பெயர், அவர்கள் வாயில் "தசினி" என்று கேட்டது. ஒரு முதியவரின் குரல். பிறகு பின்னால் ஒரு பெண். பிறகு எல்லாப் பக்கமும். கைக்குழந்தையோடு நின்ற ஒருத்தி அழுதுகொண்டே அந்தப் பெயரைச் சொன்னாள். அவளுக்குப் பிள்ளைப்பேறு பார்த்தவள் என் மகள்தானாம். கிரேஸ் காதுக்குள் சொன்னாள்.

நான் மண்ணில் முழங்காலிட்டேன். "ஆண்டவரே, நான் கோவிச்சது பிழை. என்ர பிள்ளையைக் காப்பாத்தும்" என்று கத்தினேன். ஒருவருக்கும் அது புதினமாகத் தெரியவில்லை. யாரோ என் தோளில் கை வைத்தார்கள்.

அன்று ஒன்றும் நடக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காய்ச்சல் இறங்கியது. மத்தியானம் கண் திறந்தாள்.

"அப்பா, எப்ப வந்தனீங்கள்? சாப்பிட்டனீங்களோ?"

"ஓம் பிள்ளை" என்று பொய் சொன்னேன். "ஒரு வருசமா உன்னோட ஒழுங்காக் கதைக்கேல்லை."

"நானும் கோல் எடுத்திருக்கலாம் அப்பா."

மருந்தால்தான் சுகமானது என்று சிலர் சொல்கிறார்கள். மருந்தும் வேலை செய்தது, அதற்கும் நன்றி. ஆனால் வாயடைத்துக் கிடந்த என்னைப் பேச வைத்தது எந்த மருந்து?

நான் வீடு திரும்பிவிட்டேன்; மகள் அங்கேயே இருக்கிறாள். அவள் அங்கே இருக்க வேண்டியவள். பின்னேரங்களில் தனிமை எனக்கு இன்னும் வரும், அதை மறைக்க மாட்டேன். இப்போது அதையும் ஆண்டவரிடம் வாய்விட்டுச் சொல்கிறேன்.

சகோதரரே, செபிக்கச் சொல் வராவிட்டால் வெட்கப்படாதீர்கள். செபிக்கிறவர்கள் நடுவில் போய் நில்லுங்கள். உங்கள் வாய் திறக்கும்வரை ஆண்டவர் வேறு வாய்களைத் திறந்து வைப்பார்.