கைப்பைக்குள் போன தரை

ஒஸ்லோவில் நான் வேலை செய்த முதியோர் இல்லத்தில் எனக்கு ஒரு சிநேகிதி இருந்தாள். எங்கள் பிரிவின் தாதி, நோர்வேக்காரி. ரொம்சோஸில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தால் இடியப்பத்தைச் சொதியில் குழைத்து, கையாலேயே சாப்பிடுவாள். துருக்கிக் கடற்கரைக்கு வேலைத்தலப் பெண்கள் சேர்ந்து ஒரு கிழமை போவோம் என்று என்னை இழுத்தவளும் அவள்தான். என் கணவர், "போட்டு வா, பிள்ளையளை நான் பாக்கிறன்" என்றார்.

முதல் நாட்கள் கடலும் வெயிலுமாகப் போயின. பிறகு ஒருநாள் காலை, கரையோரத்தில் கிடந்த ரோமர் காலத்து நகரம் ஒன்றைப் பார்க்க பஸ்ஸில் கூட்டிப்போனார்கள். உடைந்த தூண்கள், கடலைப் பார்த்தபடி ஒரு அரங்கு, கூரையில்லாத வீடுகள். அதில் ஒரு வீட்டின் தரையில் சின்னச் சின்னக் கற்களால் ஒரு பெரிய மீனைப் பதித்திருந்தார்கள். சுற்றிவரக் கயிறு கட்டியிருந்தது.

"இந்த வீட்டுக்காரர் ஏன் விட்டுவிட்டுப் போனார்கள் என்று யாருக்கும் தெரியாது" என்றாள் வழிகாட்டிப் பெண்.

என் சிநேகிதிக்குக் கண் கலங்கிவிட்டது. "பாவம், எவ்வளவு ஆசையாகக் கட்டியிருப்பார்கள்" என்று என் தோளைப் பிடித்தாள்.

எனக்கு அங்கேயே பற்றிக்கொண்டு வந்தது. அதற்கு முந்தின வருடம்தான், யுத்தநிறுத்தத்தை நம்பி நான் யாழ்ப்பாணம் போய், நாங்கள் ஓடிவந்த வீட்டைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். கதவில்லை, நிலையில்லை, கூரை ஓடு ஒன்றுகூட இல்லை. அப்பா ஆசைப்பட்டுப் பதித்த பூப்போட்ட தரைக்கற்களையும் அலவாங்குக் கம்பியால் கிண்டிக்கொண்டு போயிருந்தார்கள். திரும்பி வந்து இதையெல்லாம் இவளிடம் சொல்லி அழுதேன். "அச்சச்சோ" என்றவள், அடுத்த மூச்சில் கோப்பி வேண்டுமா என்று கேட்டாள். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய, முகம் தெரியாதவர்களுக்கு மட்டும் அவளுக்குக் கண்ணீர் வந்தது.

மற்றவர்கள் முன்னால் நடந்தார்கள். அவள் கயிற்றுக்கு அடியால் குனிந்து, ஓரத்தில் கழன்றுகிடந்த ஒரு துண்டை எடுத்துக் கைப்பைக்குள் போட்டாள். சாந்தோடு ஒட்டியபடி நாலைந்து நீலக் கற்கள். நான் பார்த்ததைக் கண்டு கண்ணைச் சிமிட்டினாள்.

பஸ்ஸடியில் நான் சொன்னேன். "அதைத் திரும்ப வை."

"சின்னத் துண்டுதானே. ஒரு ஞாபகத்துக்கு."

"யாரோ ஒருவருடைய வீட்டுத் தரை அது."

"அவர்கள் செத்து எவ்வளவு காலம்!" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவளுடைய பைக்குள் கையை விட்டு அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தேன். அங்கே நின்ற காவலாளியிடம் கையை நீட்டினேன். அவன் கல்லைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், என் மணிக்கட்டைப் பிடித்தான்.

கொண்டுவந்து கொடுப்பவளைத் திருடி என்று நினைக்க அவனுக்கு என் நிறம் போதுமாக இருந்தது. அரைகுறை ஆங்கிலத்தில் "இந்தியாவா? பாகிஸ்தானா?" என்று கேட்டான். நோர்வே என்றேன். சிரித்தான். வழிகாட்டிப் பெண் ஓடிவந்தாள். "எடுத்தது நானில்லை, அவள்" என்று பஸ் வாசலில் நின்ற சிநேகிதியைக் காட்டினேன். வழிகாட்டி அவளைப் பார்த்துக் குரல் கொடுத்துக் கேட்டாள்.

"எனக்கு ஒன்றும் தெரியாது" என்றாள் என் சிநேகிதி.

காவலறைக்குள் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் என்னை இருத்தினார்கள். ஹோட்டலில் இருந்து என் கடவுச்சீட்டு வரும்வரை விடவில்லை. அதை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார்கள். கடைசியில் வழிகாட்டி கெஞ்சி வெளியே கூட்டிவந்தாள். பஸ்ஸுக்குள் வேர்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், "இனி மத்தியானச் சாப்பாடும் போச்சு" என்றார். அவள் யன்னல் பக்கம் திரும்பி இருந்தாள்.

அன்றிரவு கணவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"எடுத்தவள் அவள். நீ என்னத்துக்கு அதைத் தூக்கிக்கொண்டு ஓடினனீ? பேசாமல் விட்டிட்டு வந்திருக்கலாமெல்லே?"

"எங்கடை வீட்டுத் தரையை அலவாங்காலை கிண்டேக்கையும் உப்பிடித்தான் ஆரோ பாத்துக்கொண்டு பேசாமல் போயிருப்பினம்" என்று கத்தினேன்.

"ஓம். சரி. பத்திரமா வந்து சேர்" என்றார்.

ஒஸ்லோவுக்குத் திரும்பிய பிறகு, மதிய உணவு மேசையில் அவள் படங்களைப் பரப்பினாள். "இவளை அங்கே பிடித்துவிட்டார்கள், ஏதோ குழப்பம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் எழும்பினேன். "குழப்பம் ஒன்றும் இல்லை. கல்லைத் திருடினது நீ. தெரியாது என்று பொய் சொன்னதும் நீ." நோர்வேஜிய மொழியில் அவ்வளவு தெளிவாக நான் அதற்கு முன் பேசியதில்லை.

பிரிவுப் பொறுப்பாளர் கையிலிருந்த பாண் துண்டைக் கீழே வைத்துவிட்டு, "இதைப் பிறகு தனியாகப் பேசலாமே" என்றார்.

"எல்லாருக்கும் முன்னால் சிரித்தவள், எல்லாருக்கும் முன்னாலேயே கேட்கட்டும்."

அன்று பின்னேரம் அவள் உடை மாற்றும் அறைக்கு வந்தாள். முகம் சிவந்திருந்தது. "பயத்தில் சொல்லிவிட்டேன். மன்னித்துக்கொள். ஆனால் நீ என்னை அப்படி அவமானப்படுத்தியிருக்கக் கூடாது" என்றாள். அந்த "ஆனால்" வராமல் இருந்திருந்தால் நான் இளகியிருப்பேனோ என்னவோ. சப்பாத்தைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

சில மாதங்களில் அவள் வேறு பிரிவுக்கு மாறிப்போனாள். எப்போதாவது நிலக்கீழ் ரயிலில் எதிர்ப்படுவாள். கையை உயர்த்துவாள். நான் உயர்த்துவதில்லை.