கிளிப்பின் சொந்த வண்டி

பெற்றவர்கள் அவனுக்கு நல்ல பெயராகத்தான் வைத்திருந்தார்கள். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அவன் கடை இருக்கும் தெருவிலேயே யாருக்கும் தெரியாது. கிளிப் என்று கேட்டால் போதும். முன்னால் இருக்கும் டயர் கடைக்காரர் கையிலிருக்கும் ஸ்பானரை அப்படியே நீட்டி, பின்பக்கம் அவன் கார்களுக்கு உபரிப் பொருள்கள் மாட்டித் தரும் தகரக் கூரையைக் காட்டிவிடுவார்.

பெயர் வந்த கதை சின்னது. கார்க் கதவின் உட்பலகையைக் கழற்றும்போது அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகள் பட்பட்டென்று தெறிக்கும். பல கடைகளில் அவற்றில் பாதி உடையும், பாதி எங்கேயாவது உருண்டு ஓடும். பிறகு அந்தக் கதவு ஆயுசுக்கும் கடகடவென்று பேசிக்கொண்டே இருக்கும். இவன் கைபட்ட வண்டியில் ஒரு கிளிப்கூடத் தொலைந்ததில்லை. கழற்றக் கழற்றச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான், மாட்ட மாட்டப் பை காலியாகும். பை காலியானால்தான் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

இன்னொரு பழக்கமும் உண்டு. குடும்பம் ஏறும் பெரிய வண்டி எது வந்தாலும், கருவியை எடுக்குமுன் ஒவ்வொரு சீட்டிலும் போய் உட்கார்ந்து பார்ப்பான். இங்கே யார் உட்காருவார்கள் என்று கேட்பான். முழங்கால் வலிக்காரர் என்றால், தானும் காலை மடக்காமல் ஏறிப் பார்த்துவிட்டுப் படியை எங்கே பொருத்துவது என்று முடிவு செய்வான். கைக்குழந்தை என்றால், தலையைச் சாய்த்துப் படுத்து, வெயில் கண்ணில் படும் ஜன்னல் எது என்று பார்த்துத் திரை மாட்டுவான். மேட் மட்டும் போட வந்தவர்கள் வாசலில் நின்று நெளிவார்கள். மனைவியின் தம்பி அவனுக்குக் கடையில் கூட்டாளி. அந்த மச்சான்தான் வந்தவர்களைச் சமாளிப்பான்.

“மாமா தியானத்துல இருக்காரு. எழுந்து வந்ததும் அருள்வாக்கு சொல்லுவாரு, கொஞ்சம் இருங்க.”

வேலை முடிந்ததும் கடைசியாக ஒரு சோதனை. பேட்டரியை இணைத்து, மாட்டிய பொருளை உயிர்ப்பித்துப் பார்ப்பான். அது ‘பீப்’ என்று ஒரு சத்தம் கொடுக்கும். அவன் ஒருமுறை தலையை மெல்ல ஆட்டிக்கொள்வான். ஒயர் சரியான இடத்தில் சேர்ந்திருக்கிறது, வேலை சுத்தம் என்பதற்கு அவனுக்குக் கிடைக்கும் சான்றிதழ் அந்தச் சத்தம்தான். எத்தனையோ வருடங்களாகச் சத்தம் கேட்பதும் தலை ஆடுவதும் ஒன்றாகவே நடந்து, பிறகு சத்தம் கேட்டால் தலை தானாகவே ஆடும் அளவுக்கு வந்துவிட்டது. இது அவனுக்கே தெரியாது.

ஊரார் வண்டிக்கெல்லாம் நகை பூட்டியவன், வீட்டுக்கு வருவது போவதெல்லாம் பழைய ஸ்கூட்டரில். அதில் அவனுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. ஆனால் மனைவிக்கு ஒரு பதவி வந்தது. ஆஸ்பத்திரி மருந்தகத்தில் பல வருடங்களாக இரண்டாம் இடத்திலேயே இருந்தவள் அவள். ஊருக்கு வெளியே அதே நிர்வாகம் திறந்த புது ஆஸ்பத்திரியில் மருந்தகம் முழுவதையும் அவள் பொறுப்பில் தருவதாகச் சொன்னார்கள். செய்தியைச் சொன்ன அன்று, சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, ஏதோ பக்கத்து வீட்டு விஷயம்போலத்தான் சொன்னாள். ஆனால் அன்று நறுக்கிய வெங்காயம் மூன்று பேருக்கு வேண்டியது போய் எட்டுப் பேருக்கு ஆகியிருந்தது. அவள் மனதுக்குள் எவ்வளவு ஆசை இருக்கிறது என்பதை அவன் அந்தக் குவியலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான்.

சிக்கல் ஒன்றுதான். அந்தப் பக்கம் பஸ் போகாது. நடுவில் பெரிய பாலம், லாரிகள் ஓடும் சாலை, ஸ்கூட்டருக்கு ஒத்துவராது. அவளிடம் ஓட்டுநர் உரிமம் இருந்தது. கல்யாணத்துக்கு முன்பு வாங்கியது, அலமாரியில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அடுத்த மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமைக்குள் வருகிறேன் என்றோ இல்லை என்றோ அவள் பதில் சொல்ல வேண்டும். வண்டி ஓட்ட வந்தால் வருகிறேன், வராவிட்டால் இல்லை.

வாடிக்கையாளர் ஒருவர் வெளிநாடு போவதால் விற்ற ஏழு பேர் உட்காரும் எஸ்யூவியை அவன் வாங்கி வந்தான். சாம்பல் நிறம். நல்ல உடம்பு. நிறுத்திவைத்தால் வீட்டு ஜன்னலில் பாதியை மறைத்தது. அவள் அதைச் சுற்றி வந்து பார்த்து, இது வண்டியா இல்லை வாடகைக்கு விடும் வீடா என்று கேட்டாள். பயப்படாதே, உனக்கு ஏற்ற மாதிரி நானே செய்து தருகிறேன் என்றான் அவன். அந்தச் சொல்லில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

முதலில் பின்பக்கக் கேமராவும் பம்பரில் சென்சாரும் வைத்தான். ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டருகே இருந்த காலி மைதானத்தில் பயிற்சி. அவள் ஓட்டினாள், அவன் பக்கத்தில், பதினோராம் வகுப்பு படிக்கும் மகள் பின்னால். திரும்பி வரும்போது முன்பக்கம் கேட்டில் லேசாக உரசியது. அன்று மாலையே முன் பம்பரிலும் சென்சார் ஏறியது. அடுத்த முறை பாதையின் கோட்டைத் தாண்டினாள் என்று, கோடு தாண்டினால் சொல்லும் கேமரா வந்தது. பக்கத்தில் வந்த மோட்டார் சைக்கிளைக் கவனிக்கவில்லை என்று, பக்கவாட்டில் ஆள் வந்தால் சொல்லும் கருவி வந்தது. டயரில் காற்று குறைந்தால் சொல்ல ஒன்று. வேகம் கூடினால் சொல்ல ஒன்று. இவை அத்தனையையும் ஒரே இடத்தில் காட்ட, டேஷ்போர்டின் மேல் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு திரை.

வண்டி வாயாடியாகிவிட்டது. அவள் கிளம்பினால் பீப், திரும்பினால் பீப் பீப், நிறுத்தினால் நீளமாக ஒரு பீ. சாலையோரச் செடியைப் பார்த்துக் கத்தியது, தூங்கும் நாயைப் பார்த்துக் கத்தியது. மச்சான் ஒருநாள் ஏறிப் பார்த்துவிட்டு, இதில் மாமியார் குரல் மட்டும்தான் பாக்கி, அதையும் ஏற்றிவிடலாம் என்றான். மகள் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு பெயர் வைத்திருந்தாள்.

வினோதம் என்னவென்றால், கருவி கூடக்கூட அவள் ஓட்டுவது மோசமானது. முதல் வாரம் நேராகப் போனவள் மூன்றாம் வாரம் நடுச்சாலையில் வண்டியை அணைத்துவிட்டாள். பின்னால் வந்தவர்கள் ஹாரனை அழுத்த, உள்ளே வண்டியும் சேர்ந்து அலற, அவள் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். அவன் இறங்கிப் போய், இடம் மாறி உட்கார்ந்து வீட்டுக்கு ஓட்டி வந்தான். வீட்டுக்கு வந்து சேர்ந்ததும், தப்பாகப் போனால் ஸ்டியரிங்கையே கையில் அதிரச் செய்கிற ஒரு கருவி வந்திருக்கிறது என்று அவன் ஆரம்பித்தான்.

அவள் சாவியைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். வெள்ளிக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம், நாளைக்கே இல்லை என்று சொல்லிவிடுகிறேன் என்றாள். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவனுக்குப் பதில் சொல்ல வந்திருக்கும்.

“ஏன்மா, இவ்வளவு தூரம் வந்துட்டு? உனக்காகத்தானே ஒவ்வொண்ணாப் பாத்துப் பாத்து மாட்டினேன்.”

“தெரியும்ங்க. ஆனா அது கத்துறப்பல்லாம் நீங்க தலையாட்டுறீங்க.”

அவனுக்குப் புரியவில்லை. அவள் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள்.

“அது என்னைத் திட்டுது. திரும்பிப் பாத்தா நீங்க ஆமா ஆமான்னு தலையாட்டுறீங்க. ரெண்டு பேரும் சேர்ந்து சொன்னா நான் என்ன பண்றது? எனக்கு ஓட்டத் தெரியாதுன்னு நானும் ஒத்துக்கிட்டேன்.”

மகள் பக்கத்து அறையிலிருந்து, ஆமாம்பா, நீங்க ஆட்டுறீங்க, நான் பின்னால உட்கார்ந்து பாத்திருக்கேன் என்று சாட்சி சொன்னாள். நான் என் வேலையைப் பார்த்துத் தலையாட்டினேன் என்று சொல்ல அவன் வாயெடுத்தான். உண்மைதான். ஆனால் சொன்னால் இன்னும் கேவலமாக இருக்கும் என்று தோன்றியது. அவள் பயந்து நடுங்கிய ஒவ்வொரு கணமும் அவன் தன் ஒயரிங்கை மெச்சிக்கொண்டிருந்திருக்கிறான். நாளைக்குச் சொல்லாதே, வெள்ளிக்கிழமை வரை பொறு என்று மட்டும் கேட்டுக்கொண்டான்.

மறுநாள் காலை வண்டியைக் கடைக்கு ஓட்டிப் போனான். உள்ளே விட்டு, என்ன செய்வது என்று தெரியாமல் வெளியே நின்றவனுக்கு ஒன்று உறைத்தது. ஊரார் வண்டியில் எல்லாம் ஏறி உட்கார்ந்தவன், இந்த வண்டியில் ஒருநாளும் அப்படி உட்காரவில்லை. நம் வண்டிதானே, நம் ஆள்தானே, தெரியாததா என்று இருந்துவிட்டான்.

டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். சீட்டை அவள் வைக்கும் இடம்வரை முன்னால் தள்ளினான். அவள் உச்சந்தலை அவன் தோளுக்கு வரும். எனவே தோள் இருந்த உயரத்துக்கு உச்சந்தலை வரும்வரை சரிந்து, முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்க, மடக்கிய குடைபோல உட்கார்ந்தான். மச்சான் வந்து எட்டிப் பார்த்து, என்ன மாமா, இடுப்புப் பிடிச்சுக்கிச்சா என்றான்.

அங்கிருந்து பார்த்தால் சாலையே இல்லை. எதிரே அவன் வைத்த திரை. அதற்குப் பின்னால் பானெட்டின் ஒரு துண்டு, அப்புறம் வானம். வண்டியின் தூரத்து மூலை எங்கே முடிகிறது என்பதற்கு எந்த அடையாளமும் தெரியவில்லை. இத்தனை நாளும் அவள் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் ஓட்டியிருக்கிறாள். அவன் செய்ததெல்லாம், கண்ணைக் கட்டியவள் காதருகே கூச்சல் போட ஆட்களை வைத்ததுதான்.

அவன் எழுந்து வந்தபோது முகம் தெளிந்திருந்தது. என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிட்டால் அவனுக்குப் பிறகு கவலை கிடையாது.

முதலில் திரை இறங்கியது. அதன் பின்னாலேயே கோடு பார்த்த கேமரா, பக்கம் பார்த்த கருவி, வேகம் சொன்ன பெட்டி எல்லாம் ஒவ்வொன்றாக. ஒயர்களை உருவிச் சுருட்டினான், கிளிப்புகளைப் பையில் போட்டுக்கொண்டான். முன் பம்பரில் சென்சாருக்காகப் போட்ட ஓட்டைகளைச் சாம்பல் நிற ரப்பர் மூடிகளால் அடைத்தான். இந்த வண்டியிலேயே விலை கூடிய மாடலுக்கு டிரைவர் சீட்டை உயர்த்தும் லீவர் உண்டு. பழைய உதிரிபாகக் கடையில், பின்பக்கம் அடிபட்ட அந்த மாடல் வண்டி ஒன்றிலிருந்து சீட்டை அடித்தளத்தோடு எடுத்து வந்து, அதே போல்ட் துளைகளில் இறுக்கமாகப் பொருத்தினான். இரண்டு நாள் கடையில் வேறு வண்டி எதையும் தொடவில்லை. மச்சான்தான் வந்தவர்களுக்கு அருள்வாக்கு சொன்னான்.

கடைசியாக அலமாரி உச்சியிலிருந்து ஒரு குச்சியை எடுத்தான். பம்பரின் ஓரத்தில் நட்டுவைக்கும் மெல்லிய கம்பி, முனையில் சிவப்பாக ஒரு குமிழ். டிரைவர் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால், வண்டி அங்கே முடிகிறது என்று அது காட்டும். ஒயர் கிடையாது, சத்தம் கிடையாது. வாங்கிவைத்து வருடக்கணக்காகிறது, ஒருவர்கூடக் கேட்டதில்லை. மச்சான் அதை வைத்துத்தான் ஒட்டடை அடிப்பான்.

“இதையா மாமா மாட்டப் போறீங்க? வண்டிக்கு மூக்குத்தி மாதிரி இருக்கும்.”

“உங்க அக்காவுக்கு மூக்குத்தி நல்லாத்தான் இருக்கு மாப்ள.”

வியாழக்கிழமை மாலை அவள் வேலையிலிருந்து வந்தபோது வண்டி வாசலில் நின்றது. சாவியை நீட்டினான். அவள் வாங்காமல், இப்போது புதிதாக என்ன மாட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டாள். கழற்றியிருக்கிறேன் என்றான். ஏறி உட்காரு, லீவரை மேலே இழு, அவ்வளவுதான்.

அவள் இழுத்தாள். சீட் உயர்ந்தது. பானெட் முழுதும், அதற்கப்பால் தெருவும், அந்த மூலையில் சிவப்புக் குமிழும் அவள் கண்ணுக்கு வந்தன. குமிழையும் தெருவையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சீட் பெல்ட்டைப் போட்டாள். அவன் வழக்கம்போல மறுபக்கக் கதவைத் திறந்தான்.

“நீங்க வேணாம். அவ வரட்டும்.”

மகள் முன் சீட்டில் ஏறிக்கொண்டு, அப்பாவைப் பார்த்துக் கையசைத்தாள், ஏதோ கப்பல் கிளம்புவதுபோல. பின்பக்க சென்சாரை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன், ரிவர்ஸ் எடுத்தால்தான் பேசும், வேண்டாமென்றால் அதையும் எடுத்துவிடுகிறேன் என்று அவன் ஜன்னல் வழியாக அவசரமாகச் சொன்னான். அவள் பார்க்கலாம் என்றாள். வண்டி தெருமுனையில் நிதானமாகத் திரும்பியது. குமிழ் கடைசியாக ஒருமுறை மினுங்கி மறைந்தது.

அவன் வீட்டுக்குள் போகவில்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்றினான். ஏற்கெனவே ஊற்றிய செடிக்கு மறுபடியும் ஊற்றினான். எதிர்வீட்டுக்காரர் வந்து தன் காரின் வைப்பரைப் பற்றிக் கேட்டதற்கு என்ன சொன்னான் என்று அவனுக்கே நினைவில்லை. பாலம் தாண்டி, புது ஆஸ்பத்திரி வரை போய்த் திரும்ப ஆகும் நேரத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தான். சட்டைப் பையில் கைவிட்டபோது ஏதோ தட்டுப்பட்டது. ஒரு கிளிப். வேலை முடிந்தும் பை காலியாகவில்லை. வெளியே எடுத்துப் பார்த்தான். கழற்றிய திரையோடு வந்த கிளிப், இனி அதற்கு வண்டியில் இடமில்லை. சிரித்துக்கொண்டு திரும்பப் போட்டுக்கொண்டான்.

தெருவிளக்குகள் எரியத் தொடங்கும் நேரத்தில் சாம்பல் வண்டி வந்தது. கேட்டுக்கு முன்னால் நின்றது. நேராக உள்ளே விடுவாள் என்று அவன் கேட்டைத் திறந்துவிட்டு ஒதுங்கினான். அவள் விடவில்லை. தாண்டிப் போய், நிறுத்தி, ரிவர்ஸ் விளக்கைப் போட்டாள். சுவருக்கும் தூணுக்கும் நடுவே பின்னாலேயே வரத் தொடங்கினாள்.

வண்டி நெருங்க நெருங்கச் சென்சார் பேச ஆரம்பித்தது. பீப். பீப். பீப் பீப். அவன் கழுத்தைக் கல்லாக்கிக்கொண்டு நின்றான். தலை ஆட எழும்பியது, அடக்கினான். தாடையை இறுக்கிக்கொண்டான். சத்தம் ஒரே நீளமாகி, பின்சுவருக்கு ஒரு கை தூரத்தில் வண்டி நின்றது. தூணில் படவில்லை, கேட்டில் படவில்லை.

அவள் ஜன்னலை இறக்கினாள். கண்ணாடியில் அவனையே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

“இப்ப ஆட்டலாம்.”

அவன் ஆட்டினான். மகள் இறங்கி வந்து, பாலத்தில் அம்மா ஒரு லாரியை முந்தினாள், நான் கண்ணை மூடிக்கொண்டேன், அம்மா மூடவில்லை என்று செய்தி சொன்னாள். புது மருந்தகத்துக்கு ஜன்னல் கிழக்குப் பக்கம், காலை வெயில் நேரே மருந்து அலமாரியில் அடிக்கும், முதல் வேலையாக அதற்கு ஒரு திரை போட வேண்டும் என்று மனைவி படியேறிக்கொண்டே சொன்னாள். ஜன்னல் என்ன அகலம் என்று கேட்டபடி அவன் பின்னால் போனான்.